எஸ்.ஆர்.ரங்கநாதன்: புள்ளிவிவரம் தேடுபவருக்கு வழி போட்டுக் கொடுத்த கணக்கு வாத்தியார்

மேல்மலையனூர் என்று செல்பேசியில் தட்டினால் அங்காளம்மன் கோயில், அமாவாசை ஊஞ்சல் உற்சவம், சிறப்புப் பேருந்து விவரம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதே வட்டாரத்தில் 80, 90 வருஷத்துக்கு முன்னால் எத்தனை ஏக்கரில் மல்லாட்டை போட்டார்கள், எத்தனை கிணறு இருந்தது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். உருப்படியாக ஒன்றும் கிடைக்காது.

கணக்கு எடுக்காமல் விட்டுவிட்டார்களா என்றால், அதுவும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஏக்கர் ஏக்கராக எண்ணி, அச்சடித்து, தடித்தடியான தொகுதிகளாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவை பல்கலைக்கழக நூலகங்களின் அலமாரிகளில் இருக்கின்றன. ஏரியின் பரப்பு சுருங்கிப் போச்சு என்று மனு கொடுக்கிறவருக்கும், சொந்த ஊர் விவசாயத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிற கல்லூரி மாணவிக்கும் தேவைப்படுவது அந்த எண்தான். வாய்வார்த்தையாகச் சொன்னால் மனு திரும்பி வந்துவிடும். எந்தப் புத்தகம், எந்த வருஷம், எந்தப் பக்கம் என்று காட்டினால் கேட்கிற தோரணையே மாறிவிடும்.

சரி, அந்த அலமாரிக்கு எப்படிப் போவது? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை முதன்முதலில் ஒழுங்காகக் கையில் எடுத்தவர் சீர்காழியில் பிறந்த ஒரு கணக்கு வாத்தியார். பெயர் சியாளி ராமாமிருதம் ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று போட்டித் தேர்வுப் புத்தகங்களில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்து போகிற அதே எஸ்.ஆர்.ரங்கநாதன்தான்.

பதிவேட்டில் ஒரு தேதி, வீட்டில் ஒரு தேதி

1892-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்த சீர்காழியில் ரங்கநாதன் பிறந்தார். ஆங்கிலேயர் வாயில் அந்த ஊர் சியாளி. அதுவே அவர் பெயரின் முதல் எழுத்தாகவும் ஒட்டிக்கொண்டது. பள்ளிப் பதிவேட்டில் இருக்கிற தேதி ஆகஸ்ட் 12. உண்மையில் பிறந்தது ஆகஸ்ட் 9. தேசிய நூலகர் தினத்தை நாம் ஆகஸ்ட் 12-ல் கொண்டாடுவது பதிவேட்டை நம்பித்தான். ஆவணங்களை ஒழுங்குபடுத்துவதற்கே வாழ்நாளைக் கொடுத்த மனிதரின் சொந்த ஆவணத்திலேயே மூன்று நாள் பிசகு. பழைய பதிவேடுகளைப் புரட்டுகிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி இது. அச்சில் இருப்பதெல்லாம் அப்படியே சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆறு வயதில் அப்பா போய்விட்டார். உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படிப்பு. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம்; 1913-ல் பி.ஏ., 1916-ல் எம்.ஏ. திக்குவாய் உண்டு, அதோடு போராடித்தான் வகுப்பறைக்குள் நுழைந்தார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி முடித்து, மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளில் பாடம் நடத்திவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வந்தார். கணிதத்தின் மேல் இருந்த காதல் கடைசிவரை குறையவில்லை. நூலகத் துறையில் உலகமே அறிந்த பெயராகிவிட்ட பிறகும், 1967-ல், ராமானுஜனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார்.

ஒரு வாரத்தில் ஓடி வந்தவர்

சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் என்று ஒன்று 1907-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் முழுநேர நூலகர் கிடையாது. 1923-ல் அந்தப் பதவிக்கு விளம்பரம் கொடுத்தபோது நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வந்தன. நூலகப் பயிற்சி பெற்றவர் அதில் யாருமே இல்லை. ரங்கநாதனும் ஆசைப்பட்டுப் போனவர் இல்லை. வாத்தியார் சம்பளம் குடும்பத்துக்குக் கட்டுபடியாகவில்லை, நண்பர்கள் தூண்டிவிட்டார்கள், விண்ணப்பித்தார். நேர்காணலுக்குப் போவதற்கு முன்னால் நூலகம் என்றால் என்ன என்பதைக் கலைக்களஞ்சியத்தைப் புரட்டிப் படித்துக்கொண்டு போனார் என்று சொல்வார்கள்.

1924 ஜனவரி 4-ம் தேதி பொறுப்பேற்றார். சில நாள்தான். ஆளரவம் இல்லாத அறை, பேச ஆள் கிடையாது, கேள்வி கேட்க மாணவன் கிடையாது. பொறுக்க முடியாமல் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் ஓடிப்போய், பழைய வேலையையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். முதல்வர் ஒரு யோசனை சொன்னார். எப்படியும் நூலகப் பயிற்சிக்கு லண்டன் அனுப்பப் போகிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த முதல்வர் அன்றைக்கே சரி என்று தலையாட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேயர்ஸ் என்ற அறிஞரிடம் படித்தார். அதைவிட முக்கியம், அவர் நேரில் போய்ப் பார்த்த நூலகங்கள். எண்ணிக்கை நூறைத் தாண்டும். அங்கே தொழிலாளர் குடியிருப்பிலும் நூலகம் இருந்தது. சிறுபிள்ளைகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. வாசகர் தானே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கலாம். ஊரில் அப்போது நிலைமை நேர் எதிர். புத்தகம் பூட்டி வைக்க வேண்டிய சொத்து, நூலகர் அதற்குக் காவல்காரர். கணக்கு வாத்தியார் அங்கேதான் மனசு மாறினார். 1925 ஜூலையில் திரும்பி வந்தவர் மாநிலக் கல்லூரிப் பக்கம் போகவே இல்லை. அடுத்த 20 வருஷம் சென்னைப் பல்கலைக்கழக நூலகம்தான் அவர் வீடு.

அஞ்சறைப் பெட்டியும் மெக்கானோவும்

லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். துளை போட்ட பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே துண்டுகளை வைத்து ஒருமுறை பாலம் கட்டலாம், இன்னொருமுறை வண்டி செய்யலாம். அவருக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

அதுவரை உலகம் முழுக்கப் பெரும்பாலும் டூயி என்ற அமெரிக்கரின் பகுப்பு முறைதான். அதை நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியோடு ஒப்பிடலாம். கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை என்று முன்கூட்டியே போட்டுவைத்த பெட்டி. கடுகு, சீரகம் வரைக்கும் பிரச்சினை இல்லை. கடுகும் சீரகமும் கலந்த ஒரு பொடியைக் கொண்டு வந்தால் எந்த அறையில் போடுவது? தென்னாற்காட்டில் நிலக்கடலை விளைச்சலும் விலையும், 1920 முதல் 1930 வரை என்று ஒரு அறிக்கை வந்தால் அது விவசாயமா, வணிகமா, மாவட்ட வரலாறா?

ரங்கநாதன் அறைகளை முன்கூட்டியே கட்டவில்லை. ஒவ்வொரு பொருளையும் துண்டுகளாகப் பிரித்து, தேவைக்கு ஏற்ப மாட்டிக்கொள்கிற மாதிரி எண்களைக் கொடுத்தார். துண்டுகளுக்கு நடுவில் முக்காற்புள்ளி என்று நாம் சொல்லும் இரட்டைப் புள்ளி. அதனால்தான் கோலன் பகுப்பு முறை என்று பெயர். திரும்பி வரும் கப்பலில் இருந்த புத்தகங்களிலேயே முதல் வெள்ளோட்டம் பார்த்தார். நூலாக அச்சில் வந்தது 1933-ல்.

பின்னாளில் இந்தத் துண்டுகளை ஐந்து வகையாகச் சுருக்கினார். எதைப் பற்றி, எந்தப் பொருளால், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். படிக்க ஏதோ தத்துவம் மாதிரி இருக்கும். ஆனால் புள்ளிவிவரம் தேடுகிறவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி இல்லை. ஏன்னா எண்ணைத் தேடுவதில் முக்கால்வாசிப் பிரச்சினை கேள்வி சரியாக இல்லாததுதான். மேல்மலையனூர் விவசாயம் பற்றி வேணும் என்று கேட்டால் எந்த நூலகராலும் எதையும் எடுத்துத் தர முடியாது. என்ன பயிர்? சாகுபடிப் பரப்பா, விளைச்சலா, விலையா? ஒரு கிராமத்துக்கா, வட்டத்துக்கா, மாவட்டத்துக்கா? எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை? இந்த நான்கைந்தும் பிரிந்துவிட்டால், எந்தத் தொகுதியைத் திறக்க வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

வாசகர் வாயிலிருந்து அந்தத் துண்டுகளை வெளியே கொண்டுவருவது நூலகரின் வேலை என்றும் அவர் அடித்துச் சொன்னார். குறிப்புதவிப் பணி என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். வாசகர் வந்து நின்றதும் பரந்ததாக ஒரு பொருளைச் சொல்வார். அவருக்கு வேண்டியது அதற்குள் ஒளிந்திருக்கிற சின்ன விஷயமாக இருக்கும். அதிகாரத் தொனியில் கேட்டால் அது வெளியே வராது. பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்து, பட்டியலை அவரோடு சேர்ந்து புரட்ட வேண்டும். இதற்கென்றே 1940-ல் தனியாக ஒரு நூல் எழுதினார்.

பூட்டைத் திறந்த பிறகு

வந்ததும் முதலில் செய்தது அலமாரிகளைத் திறந்துவிட்டது. வாசகர் உள்ளே போய்த் தானே எடுக்கலாம். புத்தகம் காணாமல் போகும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஒன்றிரண்டு போகும்தான், அதற்காக எல்லோரையும் வெளியே நிறுத்த முடியுமா என்பது அவர் கட்சி. நேரத்தையும் நீட்டினார். விடுமுறை நாளிலும் நூலகம் திறந்திருந்தது. மற்றவர்களுக்கு ஓய்வு கிடைக்கிற நாளில்தானே வேலைக்குப் போகிறவர் நூலகத்துக்கு வர முடியும்?

1928-ல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது, அவர் செயலாளர். 1929-ல் நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி. 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகள் என்று அறியப்படும் புத்தகம் வந்தது. ஐந்தின் சாரத்தைச் சொன்னால் ரொம்ப எளிமையாக இருக்கும். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான், அலங்காரத்துக்கு இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் போய்ச் சேரணும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் அமையணும். வாசகரைக் காக்க வைக்கக்கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். இதில் மூன்றாவதுதான் புள்ளிவிவரத் தொகுதிகளுக்கு அப்படியே பொருந்தும். பருவ நிலை, பயிர் அறிக்கை என்று ஒரு தொகுதி 50 வருஷமாக யாரும் தொடாமல் கிடக்கும். அதற்கான வாசகர் செஞ்சி பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருப்பார், இப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாமல். இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தி வைக்க ஒரு பட்டியல் வேண்டும், அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகும் நூலகம் தொடங்கியது. பொறியாளர் கனகசபை பிள்ளை வண்டியைச் செய்தார். ரங்கநாதனின் சங்கம் பின்னால் நின்றது. 1936-ல் பல்கலைக்கழக நூலகம் சேப்பாக்கத்தில் கடற்கரை பார்த்த சொந்தக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் வீட்டில் பெரிய அடி. 1928-ல் மனைவி ருக்மிணி ஒரு விபத்தில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு சாரதாவை மணந்தார். நூலகமே கதி என்று இருந்த கணவரோடு குடும்பம் நடத்தியவர். அந்தப் பெயர் பிறகும் வரும்.

விழுப்புரம் பக்கத்து ஊர் ஒன்று

பல்கலைக்கழகமும் புள்ளிவிவரமும் சேர்கிற இடத்துக்கு விழுப்புரம் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தன் மாணவர்களை ஊருக்கு அனுப்பி, வீடு, நிலம், மாடு, கடன், கூலி என்று கணக்கெடுக்க வைத்தார். அப்படி எடுத்த ஊர்களில் ஒன்று விழுப்புரம் பக்கம் இருக்கும் இருவேல்பட்டு. மற்றவை வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி. 1918-ல் அது புத்தகமாக வந்தது. பேராசிரியர் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் 1936-37-ல் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய்க் கணக்கெடுக்க வைத்து, 1940-ல் பல்கலைக்கழகம் மூலம் வெளியிட்டார்கள். அந்த நேரத்தில் அதே பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர் ரங்கநாதன்.

இந்த இரண்டாவது கணக்கெடுப்பில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு தடவை எண்ணினால் அது ஒரு படம். இருபது வருஷம் கழித்து அதே ஊரில் எண்ணினால்தான் என்ன மாறியது என்று தெரியும். முதல் புத்தகம் அலமாரியில் இல்லாவிட்டால் இரண்டாவதுக்கு அர்த்தமே இல்லை.

இன்றைக்குப் போனால் என்ன கேட்கணும்?

இப்போது மேல்மலையனூர் மாணவிக்கே வருவோம். அவர் தேடுகிற கணக்கு எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது? முதல் பொறி மாவட்டத்தின் பெயர். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993 செப்டம்பர் 30-ல்தான். அதற்கு முந்தைய தொகுதிகளில் விழுப்புரம் என்று தேடினால் ஒரு வட்டமாகத்தான் கிடைக்கும். மாவட்டக் கணக்குக்குத் தென்னாற்காடு என்று தேட வேண்டும். 2019-ல் கள்ளக்குறிச்சி தனியாகப் போய்விட்டது. அதனால் 1991 தென்னாற்காடு எண்ணையும், 2011 விழுப்புரம் எண்ணையும், இன்றைய விழுப்புரம் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மக்கள்தொகை குறைந்துவிட்டது என்று எழுதினால் சிரிப்பார்கள். அது மூன்று வேறு நிலப்பரப்பு.

வட்டமும் அப்படித்தான். மேல்மலையனூர் தனி வட்டமானது சமீபத்தில். அதற்கு முன் செஞ்சி வட்டம். இன்னும் பின்னால் போனால் செஞ்சி என்று ஒரு வட்டமே இருக்காது. 1908-ல் வந்த இம்பீரியல் கெசட்டியரில் செஞ்சிக் கோட்டையே திண்டிவனம் வட்டத்துக்குள் இருக்கிறது. திருவண்ணாமலையும் அன்று தென்னாற்காட்டில்தான். எல்லை எப்போது எங்கே மாறியது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால் வேலைக்கு ஆகாது.

அடுத்தது பயிரின் பெயர். ஊரில் மல்லாட்டை. மணிலாக் கொட்டை என்பது மருவி வந்த பெயர். தமிழ்ப் புத்தகத்தில் நிலக்கடலை, வேர்க்கடலை. ஆங்கிலத் தொகுதியில் கிரவுண்ட்நட், எண்ணெய் வித்துகள் என்ற தலைப்புக்குக் கீழே. ஒரே சரக்குக்கு நாலு பெயர், அட்டவணையில் இருப்பது ஏதோ ஒன்று.

மூன்றாவது வருஷம். பழைய வருவாய்த்துறைக் கணக்குகள் பசலி ஆண்டில் இருக்கும். ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிற ஆண்டு. பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்குகிற ஆங்கில ஆண்டு. பசலி 1350 என்றால் 1940-41. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் கணக்கு இன்றைக்கும் பசலியில்தான் ஓடுகிறது என்பதால் கிராமத்து ஆளுக்கு இது புதுசில்லை. பட்டணத்திலிருந்து வருகிற ஆராய்ச்சியாளர்தான் திணறுவார்.

சரி, எந்தப் புத்தகங்கள்? தென்னாற்காட்டைப் பற்றி கார்ஸ்டின் தொகுத்த மாவட்டக் கையேடு 1878-ல் வந்தது. பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர் 1906. இரண்டும் மாவட்டத்தின் மொத்தச் சித்திரத்தைத் தரும். வருஷா வருஷம் பயிர் நிலவரத்துக்குச் சென்னை மாகாணத்தின் பருவ, பயிர் அறிக்கை. வட்ட அளவில் வேண்டும் என்றால் புள்ளிவிவர அட்லஸ் என்ற தொகுதி. பசலி 1350 வரையிலான கணக்கோடு ஒரு பதிப்பு 1949-ல் வந்தது. மக்கள்தொகைக்கு 1871-லிருந்து பத்து வருஷத்துக்கு ஒரு முறை வந்த கணக்கெடுப்புத் தொகுதிகள். நாடு விடுதலையான பிறகு 1951-லிருந்து மாவட்டத்துக்கு மாவட்டம் தனிக் கையேடு. ஊர் வாரியாகத் தேடுகிறவர் முதலில் கை வைக்க வேண்டியது இந்தக் கையேட்டில்தான். 2011-க்குப் பிறகு 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப் போனதால், இன்றைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2011 எண்ணைத்தான்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகம், எழும்பூர் கன்னிமாரா, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகம் என்று மேல்மலையனூர்க்காரர் போகக்கூடிய வாசல்கள் சில இருக்கின்றன. பல்கலைக்கழக நூலகத்துக்குள் வெளியாள் நுழையப் பெரும்பாலும் கல்லூரியிலிருந்து ஒரு கடிதமும் அடையாள அட்டையும் கேட்பார்கள். போகும் முன் இணையத்தில் இருக்கும் நூற்பட்டியலைப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் பாதி நாள் மிச்சம். உள்ளே போனதும் புத்தகத்தைத் தேடி அலையாமல் முதலில் குறிப்புதவி மேசைக்குப் போவது நல்லது. எண்ணைக் கண்டுபிடித்ததும் அட்டவணையின் தலைப்பு, அடிக்குறிப்பு, அலகு, பக்க எண் எல்லாவற்றையும் சேர்த்துப் படி எடுக்கணும். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு வந்து, அது ஏக்கரா ஹெக்டேரா என்று ராத்திரி பத்து மணிக்கு மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

காசியிலிருந்து பெங்களூர் வரை

1945-ல் ரங்கநாதன் சென்னையை விட்டார். விருப்ப ஓய்வு என்று பெயர். நிர்வாகத்தோடு உரசல் முற்றிப் போயிருந்தது. ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தவரைக் காசி இந்துப் பல்கலைக்கழகம் அழைத்தது. அங்கே ஒரு லட்சம் புத்தகங்களுக்குமேல் ஒழுங்கில்லாமல் கிடந்தன. துணைக்குப் பயிற்சி பெற்ற ஆள் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், இரண்டு வருஷத்துக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து அவ்வளவையும் பகுத்து முடித்தார். 1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம்.

சென்னையில் அவர் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது 1948-ல் நடந்தது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு சின்னத் தொகை சேர்ந்தது அப்போதுதான். வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் இன்றைக்கும் அந்த வரி இருக்கும். கட்டுகிற பலருக்கு எதுக்குக் கட்டுகிறோம் என்றே தெரியாது. கிளை நூலகத்தில் கேள்வி கேட்கும் உரிமை அந்த ரசீதிலிருந்து வருகிறது.

அதே 1948-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மாநாட்டில், நூலகப் பணிகளையே புள்ளியியல் முறையில் அளக்க ஒரு தனித் துறை வேண்டும் என்று அவர் முன்வைத்தார். எந்தப் புத்தகம் எத்தனை தடவை போகிறது, எந்த நேரத்தில் கூட்டம், எத்தனை ஊழியர் தேவை என்பதையெல்லாம் குத்துமதிப்பாக இல்லாமல் எண்ணிப் பார்த்து முடிவு செய்வது. கணக்கு வாத்தியாரின் புத்தி விட்டுப் போகுமா?

அந்தத் தொடர்பு 1962-ல் முழு வட்டம் அடித்தது. மகாலானோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்க ரங்கநாதனை அழைத்தது. நாட்டின் மாதிரிக் கணக்கெடுப்புக்கு அடித்தளம் போட்ட நிறுவனம், நூலகருக்கு இடம் கொடுத்தது தற்செயல் இல்லை. எண்களைச் சேகரிக்கிறவர்களுக்குத்தான் அவை தொலைந்து போகும் வேகம் தெரியும். 1957-ல் பத்மஸ்ரீ. 1965-ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர்.

பணம் விஷயத்தில் அவர் போக்கே தனி. வாழ்நாள் சேமிப்பு ஒரு லட்சம் ரூபாயை, உரசலோடு விட்டு வந்த அதே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே நூலகவியல் பேராசிரியர் பதவி அமைக்கக் கொடுத்தார். அந்த இருக்கைக்கு வைத்த பெயர் சாரதா ரங்கநாதன். 1950-களில் ஒரு லட்சம் என்றால் எவ்வளவு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும்.

1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் ரங்கநாதன் காலமானார். வயது 80. கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றுகிற நூலகங்கள் இன்று குறைவு. டூயியின் அஞ்சறைப் பெட்டிதான் பெரும்பாலும் ஜெயித்தது. ஆனால் இணையத்தில் துணி வாங்கும்போது நிறம், அளவு, விலை, துணி வகை என்று ஓரத்தில் ஒவ்வொன்றாக வடிகட்டிக்கொண்டே போகிறோமே, அது பொருளைத் துண்டுகளாகப் பிரிக்கிற அவருடைய யோசனையின் அதே ஜாதி. அரசின் தரவுத் தளங்களில் மாநிலம், துறை, ஆண்டு என்று தேர்வு செய்வதும் அதுதான்.

இருவேல்பட்டுக் கதையும் 1940-ல் நின்றுவிடவில்லை. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அந்த ஊரைப் பற்றித் தனி அறிக்கை வந்தது. 1980-களின் தொடக்கத்தில் எஸ்.குகனும் ஜோன் மென்ச்சரும் திரும்ப எழுதினார்கள். பிறகு ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் மூவரும் 2008 வரையிலான மாற்றங்களைச் சேர்த்து 2010-ல் வெளியிட்டார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி ஏறியது, ஊரில் யார் பேச்சு எடுபடுகிறது என்று 90 வருஷத்துக்கு மேலான கணக்கு. 1916-ல் ஒரு மாணவர் விடுமுறையில் எண்ணிக் குறித்த எண்கள்தான் அதில் முதல் வரிசை.